உடம்பு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

தக்கன் வேள்விக் கதையில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. வீரபத்திரர் தக்கனின் தலையைக் கொய்கிறார். தேவர்கள் கெஞ்ச, சிவபெருமான் மனமிரங்குகிறார். வெட்டுண்ட உடலில் ஓர் ஆட்டின் தலை வைக்கப்படுகிறது. தக்கன் எழுந்து கும்பிடுகிறான். அந்தத் தலையை அந்த உடம்பு ஏற்றுக்கொண்டதா என்று கதையில் யாரும் கேட்கவில்லை. கடவுளே பொருத்திய தலை, அதற்கு மேல் கேள்வி எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

விலங்கின் உறுப்பை மனிதனுக்குப் பொருத்தலாம் என்று கனவு கண்ட மருத்துவர்களும் வெகுகாலம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர்கள் கவலையெல்லாம் கத்தியும் ஊசியும் பற்றியதாகவே இருந்தது. குழாயோடு குழாயைக் கசிவில்லாமல் தைத்துவிட்டால் உறுப்பு தன் வேலையைத் தொடங்கிவிடும் என்று நம்பினார்கள். அந்தத் தையல் நூறு ஆண்டுக்கு முன்பே கைவந்துவிட்டது. உடம்பின் சம்மதத்தைப் பெறத்தான் அதற்குப் பிறகு நூறு ஆண்டு ஆயிற்று. அதுவும் இன்றைக்குக் கிடைத்திருப்பது அரைச் சம்மதம்தான். அது எந்தெந்தத் திசைகளிலிருந்து வந்தது என்று பார்த்தால், அறிவியலில் கனவுகள் எப்படி நனவாகின்றன என்பதும் சேர்ந்தே புரியும்.

பாஸ்டனில் ஒரு சனிக்கிழமை

2024 மார்ச் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அறுவை மேசையில் ரிக் ஸ்லேமேன், வயது 62. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்திருந்தன. 2018-ல் இறந்துபோன ஒருவரின் சிறுநீரகம் அவருக்குக் கிடைத்தது. ஐந்து ஆண்டில் அதுவும் பழுதானது. 2023-ல் மறுபடியும் டயாலிசிஸ்.

டயாலிசிஸ் எப்படி இருக்கும் என்று நம்மூரில் பலருக்கு வீட்டு அனுபவமாகவே தெரியும். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ‘மிஷின்ல போடணும்’. அதற்காகக் கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள். நாளாக ஆக அந்த இடம் தடித்துப் புடைக்கும்; விரல் வைத்தால் உள்ளே இரத்தம் கிர்ரென்று ஓடுவது அதிரும். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. மோர், ரசம், காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். ஸ்லேமேனுக்கு இந்த வழியும் அடைபட்டுக்கொண்டு வந்தது. இரத்தக் குழாய்களில் கட்டிதட்டி, அதை நீக்குவதற்கென்றே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது. இன்னொரு மனிதச் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தால் ஐந்தாறு ஆண்டு ஆகலாம். அதுவரை உயிர் தாங்குமா என்பது சந்தேகம்.

அன்றைக்கு டட்சுவோ கவாய் தலைமையிலான குழு அவருக்குப் பொருத்தியது ஒரு பன்றியின் சிறுநீரகம். நான்கு மணி நேர அறுவை. கடைசித் தையலும் முடிந்து, இரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்வியை எடுத்தார்கள். வெளிறிக் கிடந்த உறுப்பில் இரத்தம் ஏறி, இளஞ்சிவப்பாக மாறியது. சற்று நேரத்தில் அதிலிருந்து சிறுநீர் வரத் தொடங்கியது. அறையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு சொட்டுச் சிறுநீருக்கு இவ்வளவு ஆரவாரம் ஏன் என்று தெரிய வேண்டுமானால் முந்நூற்றைம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ஆட்டு இரத்தம், குரங்குச் சுரப்பி

1667-ல் பாரிஸ் நகரில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்த 15 வயதுப் பையனின் உடலில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். பையன் பிழைத்துக்கொண்டான். ஏற்றிய அளவு குறைவு என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆட்டுக்குட்டி சாதுவானது, அதன் இரத்தம் ஏறினால் மனிதனின் குணமும் சாந்தமாகும் என்பது அந்தக் காலத்து எதிர்பார்ப்பு. பிறகு கன்றுக்குட்டியின் இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவர் இறந்தார், வழக்கு நடந்தது, பிரான்சில் இரத்தம் ஏற்றுவதே தடைசெய்யப்பட்டது.

1920-களில் அதே பாரிஸில் செர்ஜ் வோரோனோஃப் வந்தார். குரங்கின் விரையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, வயதான பணக்காரர்களின் விரைப்பைக்குள் வைத்துத் தைத்தார். இளமை திரும்பும் என்றார். நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள். குரங்கு வளர்ப்பதற்கென்றே இத்தாலி எல்லையில் ஒரு மாளிகை வாங்கினார். ‘மங்கி கிளாண்ட்’ என்ற பெயரில் மதுக்கலவை ஒன்றுகூட வந்தது. இன்றும் பார்களில் கிடைக்கிறது. வில்லைகள் என்னவோ உள்ளே போன கொஞ்ச நாளிலேயே செத்துத் தழும்பாகிவிட்டன. இளமை திரும்பியதாக நினைத்தவர்களுக்கு அது நம்பிக்கையால் வந்த தெம்பு.

இதற்கிடையே தையல் கலை முன்னேறியிருந்தது. இரத்தக் குழாய்களை இணைக்கும் நுட்பத்துக்காக அலெக்சி காரெல் 1912-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். விலங்குகளில் சிறுநீரகத்தை இடம் மாற்றித் தைத்துக் காட்டினார். அதே விலங்கின் உறுப்பை அதற்கே திரும்ப வைத்தால் வேலை செய்தது. வேறொரு விலங்கினுடையது என்றால் சில நாளில் அழுகிப்போனது. எங்கேயோ ஒரு மறுப்பு இருக்கிறது என்பதை காரெல் கண்டார். அந்த மறுப்பின் இயல்பு அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1954 டிசம்பரில் ஜோசப் மரே, பாஸ்டனில் ஒரு சிறுநீரகத்தை மனிதரிடமிருந்து மனிதருக்கு வெற்றிகரமாக மாற்றினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்கள். மறுப்புக்கு இடமே இல்லாத ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்ததில்தான் அவருடைய வெற்றி இருந்தது. எல்லாருக்கும் இரட்டையர் கிடைப்பார்களா?

கிடைக்காதவர்களுக்காக கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சியிடம் போனார். 1963–64-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 13 பேருக்கு சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். அன்றைக்கு டயாலிசிஸ் மிகச் சிலருக்கே கிடைத்தது. மூளைச்சாவு என்ற சட்டக் கருத்தே இல்லை. வேறு வழியற்றவர்கள்தான் அவரிடம் வந்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் இறந்தார்கள். 23 வயது ஆசிரியை ஒருவர் மட்டும் வேலைக்குத் திரும்பி, ஒன்பது மாதம் வாழ்ந்தார். 1984-ல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில், ‘பேபி ஃபே’ என்று உலகம் அறிந்த பச்சிளங்குழந்தைக்கு பபூன் குரங்கின் இதயம் வைக்கப்பட்டது. மூன்று வாரம்கூட முழுதாக ஓடவில்லை.

சிம்பன்சி நமக்கு நெருங்கிய உறவு என்பதே சிக்கலாகவும் ஆனது. அருகிவரும் இனம், குட்டிபோட்டு வளர ஆண்டுகள் ஆகும், அதன் கிருமிகள் நம்மிடம் எளிதாகத் தொற்றும், அதைக் கொல்ல நம் மனசும் இடம் கொடுக்காது. ஆராய்ச்சியாளர்களின் பார்வை பண்ணைப் பக்கம் திரும்பியது.

ஏற்கெனவே நமக்குள் இருக்கும் பன்றி

பன்றி என்றதும் முகம் சுளிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: பன்றி நம் உடம்புக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகிறது. 1980-களில் மனித இன்சுலின் வரும்வரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். டயாலிசிஸ் குழாயில் இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் இன்றும் பெருமளவு பன்றிக் குடலிலிருந்து வருகிறது. பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்துவது 1965-ல் பாரிஸில் தொடங்கியது. அந்த வால்வுகளை ரசாயனத்தில் பதப்படுத்தி, உயிரணுக்களைச் சாகடித்துத்தான் வைப்பார்கள். உயிரற்ற திசுவை உடம்பு அவ்வளவாக எதிர்ப்பதில்லை.

உயிருள்ள உறுப்புக்கும் பன்றி பல வகையில் தோதானது. வளர்ந்த பன்றியின் சிறுநீரகமும் இதயமும் அளவில் நம்முடையதை ஒத்தவை. சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். ஒரே ஈற்றில் பத்துக் குட்டிவரை போடும். இவ்வளவு வசதியிருந்தும், பன்றியின் சிறுநீரகத்தைக் குரங்குக்குப் பொருத்திப் பார்த்தபோதெல்லாம் நடந்தது ஒரே காட்சிதான். கவ்வியை எடுத்ததும் உறுப்பு சிவக்கும். சில நிமிடங்களில் மேற்பரப்பில் திட்டுத்திட்டாக நீலம் படரும். பிறகு முழுக்கக் கறுத்து, வீங்கி, கல்லாகிவிடும். நாளோ வாரமோ எடுத்துக்கொள்ளும் வழக்கமான நிராகரிப்பைவிட இது முற்றிலும் வேறு. அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றுவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஒரு சர்க்கரையின் கதை

இத்தனைக்கும் காரணம் ஒரு சர்க்கரை.

நம் ஒவ்வோர் உயிரணுவின் வெளிப்பரப்பிலும் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்த வீட்டுக்காரர் போடும் கோலம் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் போகிற நோயெதிர்ப்பு அணுக்கள் கோலத்தைப் பார்த்தே இது நம்ம வீடு, இது அந்நிய வீடு என்று கண்டுகொள்ளும். பன்றி, மாடு, ஆடு, நாய் என்று பெரும்பாலான பாலூட்டிகளின் அணுக்களில் ‘ஆல்ஃபா-கால்’ என்றொரு சர்க்கரை உண்டு. மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது கிடையாது. அதைச் செய்யும் மரபணு நம் பொது மூதாதைகளிடம் இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பழுதாகிப்போனது. அந்தச் சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வந்த ஏதோ ஒரு கிருமியிடமிருந்து தப்பிக்கவே இந்த இழப்பு உதவியிருக்கும் என்று ஒரு கருத்து உண்டு.

இழந்ததோடு விஷயம் முடியவில்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றில் இதே சர்க்கரை இருக்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே நம் உடம்பு அதைப் பார்த்து, ‘இது அந்நியம்’ என்று முடிவுகட்டி, எதிர்ப்பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. நம் இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்களில் சுமார் நூற்றில் ஒரு பங்கு இந்த ஒற்றைச் சர்க்கரைக்கு எதிரானது என்று யூரி கலிலி என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் காட்டினார். பன்றியின் உறுப்பு உள்ளே வருவதற்கு முன்பே அதற்கு எதிரான படை தயார். ரீம்ட்ஸ்மாவின் ஆசிரியை ஒன்பது மாதம் வாழ்ந்ததன் ரகசியமும் ஓரளவு இதிலேயே இருக்கிறது: சிம்பன்சிக்கும் அந்தச் சர்க்கரை கிடையாது.

இதே சர்க்கரை வேறொரு வாசல் வழியாகவும் மருத்துவத்துக்கு வந்தது. அமெரிக்காவில் ஒருவகை உண்ணி கடித்தவர்கள் சிலருக்கு, மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறியது. உண்ணியின் உமிழ்நீரிலிருந்த ஆல்ஃபா-கால் அவர்களை ஒவ்வாமைக்குப் பழக்கியிருந்தது. உறுப்பு மாற்றுக்காகச் சர்க்கரை நீக்கி உருவாக்கிய பன்றிகளை, இந்த ஒவ்வாமைக்காரர்களும் உண்ணலாம் என்ற வகையில், 2020 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் உணவுக்கும் அனுமதித்தது.

சர்க்கரையை நீக்குவது என்பது அவ்வளவு லேசான காரியமா? 1990-களில் அது வெறும் ஆசை. 1996-ல் பிறந்த டாலி என்ற செம்மறியாடு அதற்கு வழி திறந்தது. வளர்ந்த ஓர் அணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய சினைமுட்டைக்குள் வைத்து முழு விலங்கையே உண்டாக்க முடியும் என்று தெரிந்தது. அப்படியானால் அணுவில் முதலில் மரபணுவைத் திருத்திவிட்டு, பிறகு அதிலிருந்து விலங்கை உண்டாக்கலாமே! டாலிக்குத் துணைநின்ற பிபிஎல் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2000-ல் முதல் குளோன் பன்றிக்குட்டிகளைப் பிறக்க வைத்தது. 2002-ல் ஆல்ஃபா-கால் மரபணுவின் இரண்டு பிரதிகளும் செயலிழந்த குட்டிகள் பிறந்தன. அந்த நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையே பின்னாளில் ரெவிவிகார் ஆனது.

தயிர்ப் பாக்டீரியா தந்த கருவி

சர்க்கரை போனது; பயம் போகவில்லை. 1997-ல் லண்டனில் ராபின் வைஸ் குழுவினர், பன்றியின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கியிருக்கும் ரெட்ரோவைரஸ்கள் மனித அணுக்களைத் தொற்ற முடியும் என்று ஆய்வகக் கிண்ணத்தில் காட்டினார்கள். எய்ட்ஸ் உலகை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. குரங்கிலிருந்து ஒரு ரெட்ரோவைரஸ் தாவி வந்ததன் விலையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மருந்து நிறுவனங்கள் பின்வாங்கின. பன்றியைச் சுத்தமாக வளர்த்தால் வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுக்கலாம். மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதை எப்படித் தடுப்பது? துறை பத்து, பதினைந்து ஆண்டு முடங்கிக் கிடந்தது.

விடை வந்தது பால்பொருள் ஆலையிலிருந்து. தயிர் வகைகளை உறைய வைக்கும் பாக்டீரியாக்களை வைரஸ்கள் தாக்கி, ஆலையில் உற்பத்தியே கெடுவதுண்டு. 2007-ல் டானிஸ்கோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள், தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்கள் தாக்கிய வைரஸின் மரபணுத் துணுக்கைத் தங்கள் மரபணுவில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அடையாளம் கண்டு வெட்டுகின்றன என்று நிறுவினார்கள். அந்தத் தற்காப்பு ஏற்பாட்டின் பெயர் கிரிஸ்பர். 2012-ல் எம்மானுவேல் ஷார்பாந்தியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் அதை விரும்பிய இடத்தில் மரபணுவை வெட்டும் கருவியாக மாற்றினார்கள். 2020-ல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

முன்பு ஒரு மரபணுவைத் திருத்த ஆண்டுகள் பிடித்தன. இப்போது ஒரே வீச்சில் பல இடங்களைத் திருத்த முடிந்தது. ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் குழு 2015-ல் பன்றி அணு ஒன்றில் ரெட்ரோவைரஸின் 62 பிரதிகளையும் முடக்கியது. 2017-ல் அத்தகைய வைரஸ் செயலற்ற குட்டிகளே பிறந்தன. சர்ச்சும் லுஹான் யாங்கும் தொடங்கிய இஜெனசிஸ் நிறுவனத்தின் பன்றிதான் ஸ்லேமேனுக்குச் சிறுநீரகம் தந்தது. அதன் மரபணுவில் 69 திருத்தங்கள்: நமக்கு ஆகாத சர்க்கரைகளைச் செய்யும் 3 மரபணுக்கள் நீக்கம், இரத்த உறைவையும் எதிர்ப்புத் தாக்குதலையும் மட்டுப்படுத்தும் 7 மனித மரபணுக்கள் சேர்ப்பு, ரெட்ரோவைரஸின் 59 பிரதிகள் முடக்கம். அறுவைக்கு எடுத்த நேரம் நான்கு மணி. அதற்கான உறுப்பைத் தயார் செய்தவர்களில் அறுவை மருத்துவர்களைவிட, ஆட்டைக் குளோன் செய்தவர்களும் தயிரைக் கவனித்தவர்களும் ஒரு சர்க்கரையின் பின்னால் போனவர்களும்தான் அதிகம்.

கேட்டது நுரையீரல், கிடைத்தது சிறுநீரகம்

இந்தக் கதையில் பெரிய கனவுக்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது மார்ட்டின் ராத்பிளாட். செயற்கைக்கோள் வானொலி நிறுவனமான சிரியஸைத் தொடங்கியவர், படித்தது சட்டம். அவருடைய சிறு வயது மகளுக்கு நுரையீரல் தமனி இரத்த அழுத்தம் என்ற கொடிய நோய் இருப்பது தெரிந்ததும், உயிரியலைத் தானே படிக்கத் தொடங்கினார். 1996-ல் யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கி, அந்த நோய்க்கு மருந்து கொண்டுவந்தார். மகள் பிழைத்தாள். மருந்து நோயைத் தள்ளிப்போடும், குணமாக்காது. கடைசியில் நுரையீரல் மாற்றுத்தான். தேவைக்கு ஏற்ற நுரையீரல்கள் எங்கே இருக்கின்றன? 2011-ல் ரெவிவிகார் நிறுவனத்தையே வாங்கினார். பன்றிப் பண்ணையில் அளவின்றி உறுப்புகள், அவற்றை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல மின்சார ஹெலிகாப்டர் என்று அவர் பேசியதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு.

அவருடைய பன்றிகளிலிருந்து மனிதருக்கு வந்தவை இதயமும் சிறுநீரகமும். நுரையீரல் இன்னும் வரவில்லை. காற்றோடு நேரடித் தொடர்புள்ள, நோயெதிர்ப்பு அணுக்கள் மொய்க்கும் உறுப்பு அது. சீனாவின் குவாங்சோவில் மூளைச்சாவடைந்த ஒருவருக்குப் பொருத்திய பன்றி நுரையீரல் ஒன்பது நாள் இயங்கியதாக 2025-ல் செய்தி வந்தது. முதல் நாளிலேயே அது பாதிப்பைக் காட்டத் தொடங்கியிருந்தது. ஆசைப்பட்டது கடைசியில் நிற்க, கேட்காதது முதலில் வந்து சேர்ந்தது.

எண்ணிப் பார்க்கும் நாட்கள்

2022 ஜனவரி 7-ல் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் டேவிட் பென்னட்டுக்குப் பன்றியின் இதயம் வைத்தார்கள். மனித இதயம் பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர் அவர். அறுவை மருத்துவர் பார்ட்லி கிரிஃபித் யோசனையைச் சொன்னபோது, “அப்படியானால் நான் பன்றிபோல உறுமுவேனா?” என்று கேட்டாராம். ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய முகமது முகைதீன் கராச்சியில் படித்தவர், முஸ்லிம். உயிர் காக்கும் தேவை என்றால் பன்றி உறுப்பை ஏற்கலாம் என்று இஸ்லாமிய, யூத மார்க்க அறிஞர்கள் பலர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். பென்னட் இரண்டு மாதம் வாழ்ந்தார். பன்றிகளைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ் ஒன்று அந்த இதயத்தில் ஒளிந்திருந்தது பிறகு தெரிந்தது. பன்றியின் மூக்கில் எடுத்த சோதனையில் அது சிக்கவில்லை.

ஸ்லேமேன் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்து, 2024 மே மாதம் இதயக் கோளாறால் இறந்தார். சிறுநீரகத்தில் நிராகரிப்புக்கான அடையாளம் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 25-ல் நியூயார்க்கில் டவானா லூனிக்கு அறுவை நடந்தது. அலபாமாவைச் சேர்ந்த 53 வயதுப் பெண். 1999-ல் தன் தாய்க்கு ஒரு சிறுநீரகத்தைத் தானமாகத் தந்தவர். பிறகு கர்ப்பகாலத்தில் ஏறிய இரத்த அழுத்தம் மீதியிருந்த ஒன்றையும் கெடுத்தது. 2016 முதல் டயாலிசிஸ். அவர் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் மிகுந்திருந்ததால் பொருந்தக்கூடிய மனிதச் சிறுநீரகம் கிடைப்பது அனேகமாக நடக்காத காரியம். பத்து மரபணுத் திருத்தங்கள் கொண்ட ரெவிவிகார் பன்றியின் சிறுநீரகம் அவருக்கு 130 நாள் உழைத்தது. வேறொரு தொற்றைச் சமாளிக்க நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைக் குறைத்தார்கள். உடம்பு அந்த இடைவெளியில் விழித்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் உறுப்பை எடுக்க வேண்டியதாயிற்று. 130 நாள் என்றால் ஏறத்தாழ 55 டயாலிசிஸ் அமர்வுகள், 220 மணி நேரம் மிச்சம். தன்னிடமிருந்து கற்றது மற்றவர்களுக்கு உதவும் என்று லூனி அறிக்கை விட்டார். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு 2025 ஜனவரியில் வைத்த சிறுநீரகம் 271 நாள் ஓடியது.

54 மணி நேரம் (2021-ல் மூளைச்சாவடைந்த ஒரு பெண்ணின் தொடைக் குழாயில் இணைத்து நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரி செய்த சோதனை), பிறகு 130 நாள், 271 நாள். வாழ்நாள் முழுவதற்குமான உறுப்பு என்ற கனவோடு ஒப்பிட்டால் இது சொற்பம். நிமிடங்களில் கறுத்துப்போன காலத்தோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முறையான மனித ஆய்வுக்கு அனுமதி தந்தது: முதலில் 6 பேர், பிறகு 50 பேர்வரை.

ஆய்வில் சேருகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டியதும் நிறைய. வாழ்நாள் முழுக்கக் கிருமிக் கண்காணிப்பு. இரத்த தானம் செய்யக் கூடாது. நெருங்கி வாழும் துணைக்கும் இது பொருந்தும். வேறெந்த மருந்து ஆய்விலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று பாதியில் விலகலாம். உறுப்பு உள்ளே இருக்கும்வரை இதிலிருந்து அப்படி விலக முடியாது. வடிகட்டிய காற்றில் வளர்த்துக் கொல்லப்படும் பன்றியிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அந்தக் கேள்வியை விலங்குநல ஆர்வலர்கள் எழுப்புவதில் நியாயம் உண்டு.

நம் பக்கத்துக் கணக்கு

பன்றி இதயத்தை மனிதருக்கு வைத்த செய்தி இந்தியாவுக்குப் புதிதல்ல. 1997 ஜனவரியில் குவாஹாத்திக்கு அருகே சோனாபூரில் தனிராம் பரூவா என்ற அறுவை மருத்துவர், ஹாங்காங் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து, 32 வயது ஆண் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். நோயாளி ஏழு நாளில் இறந்தார். 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் மருத்துவர்கள் கைதானார்கள். பரூவா 40 நாள் சிறையில் இருந்தார். 2022-ல் பென்னட் செய்தி வந்ததும் ‘இவர் அன்றைக்கே செய்தார்’ என்று சிலர் கொண்டாடினார்கள். ஆனால் 1997-ல் ஆல்ஃபா-கால் நீக்கிய பன்றி உலகத்திலேயே இல்லை. தையல் தெரிந்திருந்தது, உடம்பின் சம்மதத்துக்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. சகமருத்துவர்கள் சரிபார்க்கும்படி எதுவும் பதிவாகவுமில்லை. துணிச்சல் மட்டும் முன்னோடியாக்கிவிடாது.

அந்த 1994 சட்டம் வந்ததற்கே ஒரு காரணம் சென்னையில் இருந்தது. வறுமையில் சிறுநீரகம் விற்றவர்கள் மிகுந்ததால் வில்லிவாக்கத்தை ‘கிட்னிவாக்கம்’ என்றே ஊர் அழைத்த காலம் அது. அதே சென்னையில் 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமாகத் தந்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் உடலுறுப்பு தானத் திட்டம் வேகமெடுத்தது. 2023 முதல் தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடக்கிறது. 2024-ல் 268 பேரின் குடும்பங்கள் ஒப்புதல் தந்தன.

பன்றிச் சிறுநீரகம் நம்மூர் மருத்துவமனைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? யுனைடெட் தெரப்யூட்டிக்ஸ் வர்ஜீனியாவில் கட்டியிருக்கும் கிருமியற்ற பண்ணையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 125 உறுப்புகள்தான் கிடைக்கும். அமெரிக்காவில் மட்டும் காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கும் மேல். அங்கே பற்றாக்குறை தீர்ந்து, விலை இறங்கி, இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இடம்பிடிப்பது அடுத்த தலைமுறையின் செய்தியாகவே இருக்கக்கூடும். இன்றைக்கு டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வழி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மருத்துவர் ஒரு குடும்பத்திடம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. மூளைச்சாவு என்றால் என்ன என்பதை அந்த நேரத்தில், அந்தத் துக்கத்தில் முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்களால் ‘சரி’ என்று சொல்வது கடினம். முன்பே வீட்டில் பேசி வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மரபணுத் திருத்தமோ கிருமியற்ற பண்ணையோ தேவையில்லை.